ஒளியும் வழியும்

கொழும்புக் கோட்டையில் அமைந்திருந்த பிறிஸ்டல் விடுதியின் பிலியட் ஆட்டக்கூடத்தில் 1882ஆம் ஆண்டு எரிந்த விளக்கே இலங்கையின் முதல் மின்விளக்கு என்பர். பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1895இல், பூஸ்ரட் சகோதரர் நிறுவனத்தார் கோட்டையிலே சிறியதொரு மின் நிலையத்தை நிறுவினர். 1899இல் ட்ராம் வண்டிகள் ஓடலாயின. அவற்றுள் ஒரு பாதை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை சென்றது. எண்ணெய் விளக்கேற்றும் வீடுகள் மலிந்திருந்த கொட்டாஞ்சேனைக்கு அயலிலே மின்சாரம் வண்டியிழுத்துச் சென்ற காட்சி அக்காலத்தார்க்குப் பெருவியப்பாய் இருந்திருத்தல் வேண்டும். தனியார் கையிலிருந்த மின் விநியோகத்தை அரசினர் பொறுப்பேற்றற்கென 1927இல் அரசாங்க மின்சாரத் திணைக்களம் தோன்றியது. இன்று யாவரும் அறிந்த இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் மாதத்திலேதான் பிறந்தது.

இவ்விடையில் ஒரு பெருமகனை நினைந்தே மேற்செல்லல் வேண்டும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா மலையருவிகளின் ஆற்றலால் நாடெங்கும் ஒளியூட்டலாம் என 1918இல் ஒரு கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். அவருரை செயலாக முப்பது ஆண்டுகட்கு மேற் சென்றது. 1950இல் இலக்சபானா நிலையம் 25 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. அருவி மலையிலே வீழ, ஒளி கொழும்பிலே எரிந்தது. மின்கம்பிகள் செல்லும் வழியெல்லாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பிக் கிடந்தன என்பது அவ்வரலாற்றின் மறுபக்கம். வடபுலத்திலோ, 1950களின் பிற்பகுதியில் சுன்னாகத்தில் டீசல் எண்ணெயால் இயங்கும் மின் நிலையம் அமைந்தது. பின்னர் நாட்டின் பொது மின்வலையும் அங்கு சென்று சேர்ந்தது.

ஒரு விளக்கு எரிதற்குத் திரியும் நெய்யும் மாத்திரம் போதா. நெய் வந்து சேரும் வழியும் வேண்டும். அமைதி நிலவும் நாளில் அவ்வழியைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. போர் மூண்ட நாளிலேதான், கம்பி எவ்வூர்களைக் கடந்து வருகின்றது, எண்ணெய் எந்தத் துறைமுகத்தில் இறங்குகின்றது, சோதனைச் சாவடியில் எப்பொருள் மறிக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் உயிர்பெறுகின்றன. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் முறை இவ்வழியைச் சுருக்கவல்லது. ஆயினும் அம்முறைக்கான கருவிகளை வாங்கும் பணம் ஒரு வழியால் வருதல் வேண்டும். வந்த கருவி பழுதுற்றால் திருத்துவோரும் ஒரு வழியால் வருதல் வேண்டும். மருத்துவமனை, குடிநீர், பாடசாலை, செய்தித் தொடர்பு ஆகிய இன்றியமையாச் சேவைகட்கு ஒளி வழங்க இலங்கையில் நிகழ்ந்த முயற்சிகளை இப்பணவழி, பழுதுவழி என்னும் இரண்டையும் கொண்டு நோக்கின், பலருங் கூறாத சில உண்மைகள் புலனாகும்.

1990 யூன் மாதம் இரண்டாவது முறையாகப் போர் மூண்டது. அவ்வாண்டிலே யாழ்ப்பாணக் குடாநாடு பொது மின்வலையிலிருந்து அறுந்தது. அரசு வடபகுதிக்குச் செல்லும் பொருள்கள் மீது தடை விதித்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என நீண்ட அப்பட்டியலில் டோர்ச் விளக்குக்குரிய சிறு பற்றரியும் இடம் பெற்றிருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் எவரும் சில்லறைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருள், இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் கடத்தற் பொருளாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அக்காலத்தில் வாழ்ந்த வடபுலத்துக் குடும்பங்கள் பல. அவர்தம் பெற்றோரும் உடன்பிறந்தாரும் வடக்கிலேயே இருந்தனர். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை மின்விசிறியின் கீழும், மறுகிளை போத்தல் விளக்கின் முன்னும் அமர்ந்திருந்த காலம் அது.

அந்தப் போத்தல் விளக்கைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சையிட்டு, அது நனையுமளவுக்கே மண்ணெண்ணெய் ஊற்றி, மெல்லிய திரி ஒன்றை மேலே நிறுத்துவர். போத்தற் சுவரே காற்றுத் தடுப்பாகவும் விளங்கும். சாதாரண அரிக்கன் விளக்கு ஓரிரவிற் குடிக்கும் எண்ணெய் இதற்குப் பல இரவுகட்குப் போதும். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த ஒரு தலைமுறை மாணாக்கர் இவ்வொளியிலேயே பௌதிகமும் இரசாயனமும் கற்றனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிப் பெட்டியை இயக்கித் தமிழோசைச் செய்தி கேட்டனர். பெற்றோலிற் சில துளி விட்டு இயந்திரத்தைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினர். இவற்றை மக்களின் கூர்மதிக்குச் சான்றாகப் பாராட்டுவோர் உளர். அப்பாராட்டு தகுதியானதே. எனினும், கூர்மதியால் ஒரு வீட்டு விளக்கை எரிக்கலாமன்றி அறுவை மருத்துவக் கூடத்தின் விளக்கை எரித்தல் இயலாது. யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரி 1990 நவம்பர் முதல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின் கீழ் இயங்கியது. அங்கும் மின்பிறப்பாக்கி இயங்க டீசல் வேண்டும்; டீசல் வரக் கப்பல் வேண்டும்; கப்பல் வர இரு தரப்பாரின் இசைவும் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறினும் சத்திரசிகிச்சை மேசை இருளும்.

எண்ணெய் வழியின் இடர் வடபுலத்துக்கு மாத்திரம் உரியதாயிருக்கவில்லை என்பதைத் தலைநகரும் அறிந்தது. 1995 ஒக்டோபர் 20ஆம் நாள் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்த் தாங்கிகள் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்குள்ளாகித் தீப்பற்றின. கரும்புகை வட கொழும்பின் மேல் எழுந்து பரந்தது. மறு ஆண்டிலே மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடெங்கும் நீண்ட மின்வெட்டு அமுலாயிற்று. 2007 ஏப்பிரல் 28ஆம் நாள் இரவு, உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதியாட்டத்தைப் பல்லாயிரவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்க, வான் தாக்குதலுக்கு அஞ்சிக் கொழும்பின் விளக்குகள் அணைக்கப்பட்டன. அவ்விரவின் இலக்குகளும் எரிபொருட் களஞ்சியங்களே. 2008 ஒக்டோபர் 28ஆம் நாள் கொட்டாஞ்சேனைக்கு அணித்தான களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் மேலேயே குண்டு வீழ்ந்தது. எரிபொருளும் மின்பிறப்பும் ஓரிடத்திற் குவிந்திருக்குமாயின், அவ்விடமே போரிடுவோரின் கண்ணுக்கு முதலிற் புலப்படும். யாழ்ப்பாணத்துக்கு எண்ணெயை மறுத்தோரும், கொழும்பின் எண்ணெயை எரித்தோரும் அறிந்திருந்த உண்மை ஒன்றே.

இனிச் சூரிய மின்சாரத்தை நோக்குவாம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனாற் செய்த சூரியகலத்தை உலகிற்குக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கியது. தொடக்கத்தில் அதன் விலை வான்வெளிக் கலங்கட்கே கட்டுபடியாவதாயிருந்தது. 1978இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சூச்சூலி என்னும் பழங்குடி மக்களின் சிற்றூரில் விளக்கு, நீரிறைக்கும் பம்பி, குளிர்சாதனப் பெட்டி யாவும் சூரிய மின்சாரத்தால் இயங்கின. அக்குளிர்சாதனப் பெட்டியே பின்னாளில் மருத்துவ உலகின் கவனத்தைக் கவர்ந்தது. என்னையெனின், குழந்தைகட்கு இடும் தடுப்புமருந்துகளுட் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலைக்குள் வைத்தல் வேண்டும். மின்சாரம் இல்லா ஊர்களில் மண்ணெண்ணெயால் இயங்கும் பெட்டிகள் அப்பணியைச் செய்தன. அவற்றின் சுடர் புகைபிடிக்கும், வெப்பநிலை ஏறியிறங்கும், எண்ணெய் தீர்ந்த நாளில் மருந்து கெடும். கெட்ட மருந்து கண்ணுக்குக் கெட்டதாகத் தோன்றாமையே அதன் கொடுமை. சூரிய மின்சாரத்தால் இயங்கும் பெட்டிகளுள் ஒருவகை பற்றரியில் மின்சாரத்தைச் சேமிக்கும். பிற்காலத்திற் தோன்றிய மற்றொரு வகை, பகலிலே பனிக்கட்டியை உறையச் செய்து இரவிலே அக்குளிரைக் கொண்டு மருந்தைக் காக்கும். பற்றரியே வேண்டாத இவ்விரண்டாம் வகை, பழுதுபார்ப்போர் செல்லற்கரிய ஊர்கட்கு மிகவும் ஏற்றது.

ஈழநாட்டில் சூரிய மின்தகடு, மக்கள் வழக்கிலே சோலர் பனல், வீடு தோறும் பரவிய வரலாறு பெருமைப்படத்தக்கது. பெருமையோடு வருந்தத்தக்கதும் ஆம். உலக வங்கியின் கடனுதவியும் உலகச் சூழல் நிதியத்தின் மானியமும் கொண்டு 1997இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. 2002இல் அது முடிய, அதன் தொடர்ச்சியான இரண்டாம் திட்டம் 2011 வரை நிலவியது. முதற்றிட்டத்தில் ஏறக்குறைய 21,000 வீடுகளும், இரண்டாவதில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் சூரிய விளக்குப் பெற்றன. நிர்வாகம் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலமைந்த டீ.எவ்.சீ.சீ. வங்கியில் நடந்தது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்திற்குட் சென்றடையக்கூடிய இடம் அது.

அத்திட்டத்தின் நுட்பம் தகட்டில் இல்லை. கடன் கொடுத்த முறையில் உண்டு. கிராமத்து வீட்டார் மாதந்தோறும் மண்ணெண்ணெய்க்கும், தொலைக்காட்சி பார்ப்பதற்காகக் கார் பற்றரியைப் பட்டினத்துக்குக் கொண்டு சென்று மின்னேற்றுவதற்கும் ஒரு தொகை செலவிட்டு வந்தனர். அத்தொகையையே தவணைப் பணமாகச் செலுத்தினால் சில ஆண்டுகளில் தகடு அவர்க்கே சொந்தமாகும். சர்வோதய இயக்கத்தின் கடனுதவி நிறுவனமாகிய ‘சீட்ஸ்’ தன் கிராமச் சங்கங்கள் வாயிலாகக் கடன் வழங்கியது. தகடு விற்ற நிறுவனம் விற்ற பின்னரும் பழுது திருத்தும் கடப்பாடுடையது. தவணை தண்டச் சென்றவரிடம் வீட்டார், ‘விளக்கு எரியவில்லை, திருத்தினால் பணம்’ என்பர், அவர் சென்று நிறுவனத்துக்கு உரைப்பார். இவ்வாறு பணம் வந்த வழியாலேயே பழுதுச் செய்தியும் சென்றது. பணவழியும் பழுதுவழியும் ஒன்றாய் இணைந்தமையே அத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணம் எனத் துணிந்து கூறலாம். பொது மின்வலை அவ்வூர்களை எதிர்பாராத விரைவில் எட்டியபோது, தவணை செலுத்துவதைப் பலர் நிறுத்தினர் என்பதும், கடன் கொடுத்தோர் இடருற்றனர் என்பதும் மறைத்தற்குரியன அல்ல.

ஊவாவிலும் சப்பிரகமுவாவிலும் இவ்வொளி பரந்த அதே ஆண்டுகளில் வன்னியும் குடாநாடும் இருளில் இருந்தன. கடன் கொடுக்க வங்கிக் கிளை வேண்டும். தவணை தண்டப் பாதை வேண்டும். பிணை நிற்க நிலையான குடியிருப்பு வேண்டும். ஓராண்டில் மூன்று முறை இடம்பெயரும் குடும்பத்திடம் ஐந்தாண்டுத் தவணையை எவர் எதிர்பார்ப்பார்? டோர்ச் பற்றரியே தடைப்பொருளான நிலத்துக்குச் சூரிய மின்தகட்டையும் அதற்குரிய பெரிய பற்றரியையும் லொறியிலேற்றிச் செல்ல எந்த நிறுவனம் முன்வரும்? பொது மின்வலை இல்லாமையாற் சூரிய ஒளி எவர்க்கு மிக வேண்டியதாயிருந்ததோ அவர்க்கே அதனை வழங்கும் முறை எட்டாமற் போயிற்று. இது எவரும் திட்டமிட்டு இழைத்த ஓரவஞ்சனை எனக் கொள்ள வேண்டியதில்லை. கடன் வாயிலாக ஒளி வழங்கும் முறையின் இயல்பே அது. போரால் நலிந்த பகுதிக்கு நன்கொடைப் பணமே முதலிற் செல்லல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

நன்கொடைக்கும் அக்காலத்தில் வாய்ப்பு இல்லாமலில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமானது, ஏ-9 வீதி திறந்தது, தடைகள் நீங்கின. வடக்குக் கிழக்கின் உடனடி மனிதாபிமானத் தேவைகட்கெனப் பேச்சுவார்த்தையிலே ஒரு உபகுழுவும், அதற்கென ஒரு நிதியமும் வகுக்கப்பட்டன. நிதியத்தின் காப்பாளராக உலக வங்கி தெரியப்பட்டது. 2003 ஏப்பிரலில் விடுதலைப் புலிகள் பேச்சுவார்த்தையினின்றும் விலகினர். யூன் மாதம் தோக்கியோவில் கூடிய நாடுகள் இலங்கைக்கென 450 கோடி டொலர் வழங்க வாக்களித்தன. ஆனால் அந்நிதியம் இயங்கவேயில்லை. 2004 திசெம்பரில் ஆழிப்பேரலை அழிவு விளைத்தபின் அரசும் புலிகளும் உதவிப்பணத்தைச் சேர்ந்து பங்கிடற்கென 2005 யூன் 24ஆம் நாள் ஒரு பொதுக்கட்டமைப்புக்கு இசைந்தனர். மறுமாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகட்கு இடைக்காலத் தடை விதித்தது. கொடுக்கவும் கை இருந்தது. கொள்ளவும் தேவை இருந்தது. எவர் கையொப்பத்துடன் பணம் செல்வது என்னும் ஒரு வினாவிலேயே ஈராண்டு கழிந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மறுபடியும் மூடப்பட்டது. குடாநாட்டின் உணவும் எரிபொருளும் மீண்டும் கப்பலையே எதிர்நோக்கின.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. குடாநாட்டின் மின்தேவையை ஈடுசெய்ய எண்ணெயால் இயங்கும் பொறிகளே மேலும் பயன்பட்டன. 2013ஆம் ஆண்டளவில் உயரழுத்தக் கம்பிகள் சுன்னாகம் வரை சென்று யாழ்ப்பாணம் பொது மின்வலையோடு மறுபடி இணைந்தது. இடைக்கால எண்ணெய்ப் பொறிகள் விட்டுச்சென்ற ஒரு கடனை மட்டும் குறிப்பிடல் வேண்டும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய்க் கசிவு காணப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை, சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரே குடிநீர். அந்நீர் கெட்டதென்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எண்ணெய் மின்சாரத்தின் விலையைக் கணக்கிடுவோர் அலகுக்கு இத்தனை ரூபா என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். கிணற்று நீர் அக்கணக்கில் வருவதில்லை.

இந்நிலை உலகின் பிற இடங்களிலும் உண்டு. 2015இல் யேமன் நாட்டில் போர் மூண்டு எரிபொருள் வரவு தடைப்பட்டபோது, மக்கள் எவருடைய திட்டத்துக்கும் காத்திராது சந்தையிலே சூரிய மின்தகடுகளை வாங்கிக் கூரைகளில் ஏற்றினர். யாழ்ப்பாணத்துப் போத்தல் விளக்குக்கு வாய்க்காத நல்வாய்ப்பு அவர்க்கு வாய்த்தது. கால் நூற்றாண்டில் தகட்டின் விலை வீழ்ந்திருந்தது. 2018இல் உலக வங்கி 5 கோடி டொலரை அந்நாட்டுக்கு நன்கொடையாக ஒதுக்கி, ஐக்கிய நாடுகளின் நிறுவனமொன்றின் வாயிலாக மருத்துவ நிலையங்கள், பாடசாலைகள், நீரிறைக்கும் நிலையங்கள் ஆகியவற்றுக்குச் சூரிய மின்சாரம் வழங்க முற்பட்டது. அரசுகள் இரண்டாய்ப் பிளந்து நிற்கும் நாட்டிலே பணம் செல்லற்கு இடையில் ஒரு நடுவர் வேண்டும் என்பதை, வடக்குக் கிழக்கு நிதியம் தோற்ற பதினைந்தாண்டுகளின் பின் உலகம் அறிந்துகொண்டது போலும். உலக சுகாதார நிறுவனமும் பிறவும் 2023இல் வெளியிட்ட அறிக்கை, மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தகாத மருத்துவ நிலையங்களை நாடும் மக்கள் தொகை ஏறக்குறைய 100 கோடி என்றும், அந்நிலையங்களைக் குறைந்தபட்ச அளவிற்கு மின்மயமாக்க 490 கோடி டொலர் வேண்டும் என்றும் கணித்தது.

தகடு பொருத்தியதும் ஒளி வந்துவிடும் என எண்ணுவோர்க்குக் கொழும்பே ஒரு பாடம் கற்பித்தது. 2016இல் அரசு தொடக்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் இயக்கத்தின் பின் வசதி படைத்தோர் வீட்டுக் கூரைகளில் தகடுகள் பல தோன்றின. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் ஒரு கூரையின் கீழ் நாற்பது குடும்பங்கள் வாழ்தலின், அக்கூரை எவர்க்குரியது என்னும் வினாவே முதலில் எழும். தனிவீடுகட்கே அவ்வாய்ப்பு எளிதாயிற்று. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் வாங்கப் பணமில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தோட்டங்களில் சமையல் வாயுவுமின்றி மக்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றனர். அந்நாளில், உச்சி வெயில் எரிக்கும்போதும், கூரையிலே தகடுடைய வீடுகளிற் பெரும்பாலானவற்றில் மின்விசிறி சுழலவில்லை. காரணம் எளிது. மின்வலையோடு இணைந்த தகடுகள், வலையில் மின்சாரம் அற்றவுடன் தாமும் தொழிலை நிறுத்துமாறு அமைக்கப்பட்டவை. கம்பியிற் பழுது திருத்துவோர் உயிருக்கு ஊறு நேராதிருத்தற்கு அவ்வேற்பாடு இன்றியமையாதது. வலையினின்றும் பிரித்து வீட்டை இயக்கும் கருவியும் பற்றரியும் உடையவரே ஒளி பெற்றனர். அவ்வாறு உடையோர் சிலரே.

ஆகவே ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சூரிய ஒளி வழங்குவோர் கேட்க வேண்டிய முதல் வினா, எத்தனை தகடு என்பதன்று. பற்றரி உண்டா, அது நலிந்தால் மாற்றற்குப் பணம் எங்குள்ளது என்பதே. தகடு இருபது ஆண்டுகட்கு மேல் உழைக்கும். பற்றரியின் ஆயுள் அதிற் பாதியும் இராது. ஈய அமிலப் பற்றரியாயின் வெப்ப நாட்டில் ஐந்தாண்டு நிலைப்பதும் அரிது. நன்கொடையாளர் பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு வருவர். ஆறாம் ஆண்டில் பற்றரி வீங்கி நிற்கையில் அங்கு எவரும் இரார். கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் சங்கங்கள் தாம் கற்ற பாடசாலைகட்கும் தம்மூர் ஆசுபத்திரிகட்கும் இவ்வுதவியைச் செய்ய முன்வருவது போற்றத்தக்கது. கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தனியே வங்கியிலிட்டு, அதன் வட்டியைப் பற்றரிக்கென ஒதுக்கும் வழக்கம் ஏற்படுமாயின் அக்கொடை நின்று பயன்படும். கோயில்களில் நந்தாவிளக்குக்கு ஆடும் பசுவும் நிலமும் விட்ட அரசர், விளக்கின் விலையைக் கொடுத்ததோடு அமையவில்லை. நெய்க்கும் நெடுங்கால ஏற்பாடு செய்தனர் என்பதைச் சோழர்காலக் கல்வெட்டுகள் பலவும் காட்டும். 2025 ஏப்பிரலில் இந்தியாவின் நன்கொடையாக 5,000 வழிபாட்டிடங்களின் கூரைகளில் மொத்தம் 25 மெகாவாற்றுச் சூரியத் தகடுகள் அமைக்கும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இடர் நேருங்கால் மக்கள் முதலில் ஓடிச் சேரும் இடம் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஆதலின், பற்றரியைப் பற்றிய வினாவை அங்கும் கேட்டல் தகும்.

வடபுலத்துத் தீவுகளின் செய்தி இவற்றிற்கெல்லாம் உரைகல்லாய் அமைவது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன பொது மின்வலைக்கு அப்பாற்பட்டவை. மின்சார சபையின் டீசற் பொறிகளே அவற்றுக்கு ஒளியாயிருந்தன. டீசல் படகேறிக் கடல் கடந்து சென்றது. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் உளர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைத்த தீவிலே டீசற் பீப்பாவை எண்ணி எண்ணி இறக்க நேர்ந்தது காலத்தின் கோலம். அயலிலுள்ள எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் காற்றும் கதிரவனும் டீசலும் கலந்த சிறு மின்வலை 2010களின் பிற்பகுதியில் முன்னரே அமைந்துவிட்டது. அதன் வழியிலே ஏனை மூன்று தீவுகட்கும் அவ்வங்கியின் பணத்துடன் கேள்விப்பத்திரம் கோரப்பட, 2021 சனவரியில் அமைச்சரவை சீன நிறுவனமொன்றைத் தெரிந்தது. தன் கரைக்கு அணித்தான தீவுகளில் அந்நிறுவனம் காலூன்றுவதை இந்தியா விரும்பவில்லை. அவ்வாண்டு திசெம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டது எனக் கொழும்பிலிருந்த சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை ஒப்பமாயிற்று. வங்கிக் கடனுக்கு மாற்றாக 1 கோடி 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடை. இந்திய நிறுவனத்தோடு வேலை ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச் 1ஆம் நாளில்.

முதல் தெரிவுக்கும் அவ்வொப்பந்தத்துக்கும் இடையே மூன்றாண்டுக்கு மேற் கழிந்தது. அம்மூன்றாண்டிலேதான் நாடே டீசலின்றித் தவித்த 2022ஆம் ஆண்டும் வந்து போயிற்று. கடனைக் காட்டிலும் நன்கொடை நன்று என்பது உண்மை. தீவார் தலையில் கடன்சுமை ஏறவில்லை. ஆயினும் கொடுப்பவன் யார் என்பதைக் கொழும்பும் டில்லியும் பெய்ஜிங்கும் பேசித் தீர்க்கும் வரை, கொள்வோர் ஆகிய நெடுந்தீவாரையும் நயினாதீவாரையும் அனலைதீவாரையும் கலந்து பேச எவர்க்கும் நேரமிருந்ததாகத் தோன்றவில்லை.

ஒப்பந்தத்திற் குறிக்கப்பட்ட அளவுகள் ஆராயத்தக்கன. மூன்று தீவுகட்கும் சேர்த்து 1,700 கிலோவாற்றுச் சூரியத் தகடுகளும், 530 கிலோவாற்றுக் காற்றாலைகளும், 2,400 கிலோவாற்றுமணி சேமிக்கும் பற்றரிகளும் திட்டமிடப்பட்டன. வரண்ட வலயத்தில் ஒரு கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோவாற்றுமணி தரும் எனக் கொண்டால், தகடுகள் மாத்திரம் நாளுக்கு 6,800 கிலோவாற்றுமணி அளிக்கும்; அதில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேற்பட்டதைப் பற்றரிகள் இரவுக்கெனத் தாங்கும். சோழகமும் வாடையும் மாறி மாறி வீசும் அக்கடலிலே காற்றாலை எஞ்சியதை ஓரளவு நிரப்பும். மழை இருண்ட கார்த்திகை மார்கழி நாள்கட்கென 2,500 கிலோவாற்று டீசற் பொறிகளும் அதே ஒப்பந்தத்தில் இடம் பெற்றன. அப்பொறிகட்குரிய எண்ணெய் முன்போலவே படகில் ஏறும். பற்றரிகளை மாற்றுங்காலம் வரும்போது புதியனவும் அப்படகிலேயே ஏறல் வேண்டும்.